மாலை கழட்ட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை

அந்தோணிசாமி அண்ணா! நான்தான், சூசை. உன் தம்பி. நேற்றுச் சாயங்காலமும் வேலை முடிந்து வந்து, பழக்கத்தில் உன் வீட்டு வாசலில் நின்றேன், ஊதிக் காட்டுவதற்கு. அண்ணி என்னைப் பார்த்தார்கள். நீ போன பிறகு நான் தனியாகத் தங்குகிற குடிசைக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஒன்பது மாதம் ஆகிறது. இன்னும் கால் அங்கேதான் போகிறது.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் என் தோத்திரம். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். கோவிலில் எழுந்து நின்று உன் கதையைச் சாட்சியாகச் சொல்லு என்று பங்குச் சாமியார் சொன்னார். நின்றேன். வார்த்தை வரவில்லை. சரி, எழுதிக் கொடு என்றார். அதனால் எழுதுகிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சேர்த்து எழுத எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். நிலம் கிடையாது. கரும்பு வெட்டுதான் எங்களுக்குப் பிழைப்பு. அம்மாவும் நய்னாவும் இல்லை. நய்னா குடித்தே செத்தார். அண்ணன்தான் என்னை வளர்த்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவன்.

எனக்கு முதல் கிளாஸ் ஊற்றிக் கொடுத்ததும் அவன்தான். இதை மறைக்க மாட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. முதல் முறையாகப் பெரியவர்களோடு சேர்ந்து ஒரு லாரி கரும்பு ஏற்றி முடித்திருந்தேன். தோள் தோலெல்லாம் உரிந்து போயிருந்தது. லோடு கட்டி முடித்தால் மேஸ்திரி எல்லாருக்கும் சாராயம் ஊற்றுவார். அது எங்கள் வேலையில் உள்ள பழக்கம். "ஒரு வாய் குடி, ஒடம்பு வலி தெரியாது" என்று அண்ணன் தன் கிளாஸை நீட்டினான். குடித்தேன். வலி தெரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம், வலி இருந்தாலும் குடித்தேன், இல்லாவிட்டாலும் குடித்தேன்.

அரசாங்கம் சாராயக் கடையை மூடிய பிறகு மலையிலிருந்து கள்ளச்சாராயம் வரத் தொடங்கியது. லாரி டியூபில் நிரப்பி, தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு காட்டு வழியாக இறங்கி வருவார்கள். கடை மூடிவிட்டதே என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் நிறுத்தவில்லை.

இப்போது எங்கள் மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எங்கள் தெரு ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் காவி உடுத்தி, கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். மாலை போட்டால் நாற்பது நாள் குடி இல்லை. கறி மீன் இல்லை. காலில் செருப்பு இல்லை. பொண்டாட்டியோடு படுக்கை இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து, சாமியார் பூசை வைத்து, அவர் கையால் கழட்டினால்தான் நேர்ச்சை முடியும். எங்கள் ஊரில் தானாக மாலையைக் கழட்டியவர் ஒருவரும் இல்லை. கெட்ட குடிகாரன்கூட அதைச் செய்ய மாட்டான். பயம்.

ஆனால் இன்னொரு பழக்கமும் இருந்தது. மாலை கழட்டும் அன்று மத்தியானம் விருந்து. கறி ஆக்கி, சாராயம் வைத்து, நாற்பது நாள் பாக்கியை ஒரே நாளில் தீர்ப்பார்கள். மாதாவுக்குக் கொடுத்த நாள் முடிந்தது, இனிமேல் எங்கள் நாள் என்று நினைப்போம். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

போன வருஷம் அண்ணன் மாலை போட்டான். நான் போடவில்லை. என்னால் நாற்பது நாள் முடியாது என்று எனக்கே தெரியும். அவன் நடந்து போய்த் திரும்பி வந்தான். எங்கள் ஊருக்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார், மூன்றாம் ஞாயிறு. அன்றைக்கு மாலை கழட்டுவதாக ஏற்பாடு. விருந்துக்குச் சாராயம் வாங்கி வைக்கிற பொறுப்பு என்னுடையது. ஒரு டியூப் வாங்கி, கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகைத் தழைக்கு அடியில் மறைத்து வைத்தேன்.

புரட்டாசி பிறந்த வாரம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெருச் சாதிக்காரர்கள் சாலை மறியல் ஆரம்பித்தார்கள். ரோடு ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் போலீஸ் என்றார்கள், துப்பாக்கி என்றார்கள். எது நிஜம், எது பொய் என்று தெரியவில்லை. ரோட்டுப் பக்கம் ஒருத்தரும் தலை காட்டாதீர்கள் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் எங்கள் தெருவுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் குளித்துவிட்டுக் கோவில் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சாமியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று காது வைத்திருந்தோம். மத்தியானம் ஆயிற்று. வரவில்லை. வர வழியில்லை.

அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. எனக்கு நாக்கு ஊறியது. அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ண்ணா, சாமியார் இனிமே எங்க வரப் போறாரு. நீயே கழட்டிடு. மாதா ஒண்ணும் சொல்லாது."

"மாதா சொல்லாது. எனக்கு மனசு வராது."

"அடுத்த மூணாம் ஞாயிறுன்னா இன்னும் ஒரு மாசம் கீதே!"

"கெடக்கட்டும். கழுத்துல கெடக்கறது சோறா கேக்குது?"

"அப்ப சாராயத்தை இன்னா பண்றது?"

"ஊத்திடு."

"ஆமா, ஊத்துவேன். வாய்ல ஊத்துவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டுதான் போனேன்.

கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க் குடித்தேன். அவர்கள் கொஞ்சம் குடித்தார்கள். அண்ணன் பங்கையும் நானே குடித்தேன். அதில் என்ன கலந்திருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலையில் எழுந்தபோது வயிறு சுருட்டிப் பிடித்தது. கண்ணைத் திறந்தால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. முதலில் பனி என்று நினைத்தேன். புரட்டாசியில் ஏது பனி? "அண்ணி, புகை போடறீங்களா?" என்று கேட்டேன். அண்ணி வந்து என் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார்கள். எனக்குத் தெரியவில்லை. அண்ணி கத்தின கத்தலில் அண்ணன் ஓடிவந்தான்.

பஸ் இல்லை. மாட்டு வண்டி மரத்தைத் தாண்டாது. அண்ணன் சைக்கிளை எடுத்தான். என்னைக் கேரியரில் உட்கார வைத்து, நான் விழாமல் இருக்கத் துண்டால் என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினான். பெரியவர்கள் தடுத்தார்கள். "நான் போறேன். ஆவறது ஆவட்டும்" என்றான். கள்ளக்குறிச்சி வரைக்கும் மிதித்தான். வெறுங்கால்.

ஒவ்வொரு மரத்திலும் நிற்க வேண்டும். என்னை அவிழ்த்துத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைப்பான். திரும்பிப் போய் சைக்கிளைத் தூக்கி வருவான். மறுபடி கட்டுவான். எத்தனை மரம் என்று நான் பார்க்கவில்லை. புளிய இலை வாசனை மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஓர் இடத்தில் நிறையப் பேர் சத்தம் கேட்டது.

"ஆர்ரா அவன்? நில்லு!"

"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறேங்க. தம்பிக்குக் கண்ணு தெரியலைங்க."

"கண்ணு தெரியலையா? இன்னா ஆச்சு?"

பொய் சொல்லுவான் என்று நினைத்தேன். "சாராயம்ங்க" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். "ஊரே ரோட்டுல குந்திக்கினு கீது. இவனுக்குச் சாராயம் கேக்குது பாரு" என்று ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர், "டேய், உன் கழுத்துல இன்னா மாலை? மாலையும் போட்டுக்கினு நீயும் குடிச்சியா?" என்றார்.

"இல்லைங்க. நான் குடிச்சிருந்தா இவனை ஆருங்க மிதிச்சிக்கினு வர்றது?"

சிரிப்பு நின்றது. பிறகு வயதான ஒரு குரல் கேட்டது. "இன்னாடா பாத்துக்கினு நிக்கறீங்க? புடிங்க சைக்கிளை. பையனை அவுக்காதீங்க, அப்படியே தூக்கி அந்தாண்ட வைங்க."

என் அக்குளில் கை, தொடையில் கை, முதுகில் கை. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. எந்தத் தெரு என்று அவர்களும் கேட்கவில்லை. ஒருவர் அடுத்த மரம் வரைக்கும் கூடவே ஓடிவந்து, "விடுங்கப்பா, ஆஸ்பத்திரி கேசு" என்று கத்திக்கொண்டே வந்தார். அவர் யாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். மாலை மணி உருள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவன் சொன்னதைக் கேட்டேன்.

"மாதாவே, நான்தான் இவனுக்கு ஊத்திக் குடுத்தேன். கண்ணைக் குடு. இவன் குடியை உடற வரைக்கும் இந்த மாலையைக் கழட்ட மாட்டேன்."

நான் தூங்குகிற மாதிரியே கிடந்தேன்.

நான்காம் நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் ஜன்னல். பிறகு அண்ணனின் காவிச் சட்டை, அதன்மேல் கறுப்பு மணி. இடது கண்ணில் இன்னும் புகை மூட்டம்தான். வலது கண் திரும்ப வந்துவிட்டது. இந்தக் கண்ணை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவன் கேட்டான், கிடைத்தது. இது ஒன்று.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் மறுபடி குடித்தேன். வேறு ஆளிடம் வாங்கினேன், இது நல்ல சரக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் போய்த் திரும்ப வந்தவனே குடிக்கிறான் என்றால், குடி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்றாம் ஞாயிறு சாமியார் வந்தார். எல்லாருக்கும் மாலை கழட்டினார். அண்ணன் முறை வந்தது.

"அந்தோணி, தலையைக் குனிப்பா."

"வேணாம் சாமி. எனக்கு நேர்ச்சை முடியல."

"நடந்து போய்ட்டு வந்துட்டியே. அப்புறம் இன்னா?"

"அது மாதாவுக்கு சாமி. இது அவனுக்கு" என்று என் பக்கம் கையைக் காட்டினான்.

நான் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். காலையிலேயே கொஞ்சம் போட்டிருந்தேன். கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது.

"அவன் உடலைன்னா?" என்று சாமியார் கேட்டார்.

"கழுத்தோட கெடக்கட்டும் சாமி."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக மாறியது. உன்னை யார் கேட்டார்கள், எனக்காக மாலை போடு என்று நான் சொன்னேனா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்கு மற்ற நாளைவிட ஜாஸ்தி குடித்தேன்.

வீட்டில் அண்ணிக்கும் கோபம். அண்ணி பெயர் ரெஜினா. மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

"மாலை இவரு கழுத்துல. பட்டினி எனக்கு. நாப்பது நாள்னாங்க, பொறுத்துக்கினேன். இப்ப வருசக் கணக்காவும் போல கீது. ஒரு நெத்திலிக் கருவாடு வறுக்க முடியுதா இந்த வூட்ல?"

"வறுத்துத் தின்னேன், ஆரு வேணாம்னா?" என்பான் அண்ணன்.

"ஆமா, நான் திங்கறப்ப நீ வாசனை புடிச்சிக்கினு வாயைப் பாப்ப. எனக்கு எறங்குமா?" பிறகு என் பக்கம் திரும்புவார்கள். "கொழுந்தனாரே, சீக்கிரம் உட்டுத் தொலைங்க. எனக்குக் கருவாடு தின்னணும்!"

மூன்று பேரும் சிரிப்போம். சிரித்துவிட்டு நான் எழுந்து குடிக்கப் போவேன்.

கரும்பு வெட்டு ஆரம்பித்தது. வெட்டின கரும்பின் அடிக்கட்டை கத்தி முனை மாதிரி நிற்கும். அதனால் நாங்கள் பழைய டயரில் செய்த செருப்புப் போட்டுக்கொண்டுதான் வெட்டுவோம். அண்ணனின் டயர் செருப்பு கூரையில் சொருகியபடியே இருந்தது. மாலை இருக்கிறவரை செருப்பு இல்லை. வெறுங்காலோடு அந்தக் கட்டைகளுக்கு நடுவில் நடந்தான். மேஸ்திரிகூடச் சொன்னார், "டேய் மாலைக்காரா, செருப்பு போட்டா மாதா அடிச்சிடுமா?" என்று. "அடிக்காது. நான் சொன்ன சொல்லு போய்டும்" என்றான்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பாதத்தில் குத்திய கரும்புச் சிம்பை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தான். நான் குடித்துவிட்டு வந்தேன். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"ஊதுடா."

"எதுக்கு?"

"ஊதுன்றேன் இல்ல."

ஊதினேன். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். எச்சில் விழுங்கினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"எனக்கும் இழுக்குதுடா சூசை. தெனமும் இழுக்குது. லோடு முடிஞ்சி மேஸ்திரி ஊத்தறப்ப நான் கால்வாய்ப் பக்கம் போய் நின்னுக்கறேன். நீ இந்த வாசனையோட வூட்டுக்குள்ள வந்தா நான் எங்க போவேன்?"

எனக்கு அதுவரை இது தெரியாது. மாலை போட்டால் ஆசை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அவனுக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் சாமியார் மாதிரி ஆகிவிட்டான் என்று ஊர் நினைத்தது. அவன் என்னை மாதிரிதான் இருந்தான். குடிக்காமல் இருந்தான், அவ்வளவுதான்.

மறுநாள் கோமுகிக் கால்வாய்க் கரையில், அவன் போய் நிற்கிற இடத்தில் நானும் போய் நின்றேன். எனக்குச் செபம் சரியாகத் தெரியாது. மாதா செபம் பாதிதான் வரும். பாதியைச் சொன்னேன். மீதிக்கு, "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியாது. என் அண்ணன் கேட்டதைக் குடுத்துடு" என்றேன். அன்றைக்குக் குடிக்கவில்லை.

முதல் ஐந்து நாள் கை உதறியது. கத்தி பிடிக்க முடியவில்லை. சோறு தங்கவில்லை. சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிந்தது. என் பங்குக் கரும்பையும் அண்ணனே வெட்டினான். அண்ணி கஞ்சி கரைத்துக் கரைத்துக் கொடுத்தார்கள். ஆறாம் நாள் கொஞ்சம் தூங்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்ததும் அண்ணன் முன்னால் போய் நிற்பேன். "ஊது" என்பான். ஊதுவேன். "போ" என்பான். அவ்வளவுதான். பாராட்ட மாட்டான். ஒரு நாள் மட்டும், "வெங்காயம் தின்னியா? நாறுது" என்றான்.

கிறிஸ்துமஸ் வந்தது. குடிக்கவில்லை. "பொங்கல் வரைக்கும் இப்படியே வந்துடு. அதுக்கு அடுத்த ஞாயிறு சாமியார் வருவாரு. கழட்டிடறேன்" என்றான். அண்ணி அன்றே கருவாட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், லாரிக்குக் கரும்புக் கட்டு தூக்கி வரும்போது அடிக்கட்டை அவன் வலது பாதத்தில் ஏறிவிட்டது. ஆழம். மேஸ்திரி பீடித்தூள் வைத்துக் கட்டினார். "கச்சிராயபாளையம் போய் ஊசி போட்டுக்கலாம் வாண்ணா" என்று கூப்பிட்டேன். "லோடு ஏத்திட்டுப் போலாம்" என்றான். லோடு ஏற்றினோம். போகவில்லை. மறுநாள் வலி கம்மியாக இருந்தது, மறந்துவிட்டோம். இது எங்கள் புத்தி.

எட்டு நாள் கழித்து அவனுக்கு வாய் திறக்கவில்லை. சுளுக்கு என்று நினைத்தோம். மத்தியானத்துக்குள் முதுகு வில் மாதிரி வளைந்தது. இந்தத் தடவை பஸ் ஓடியது. ரோட்டில் ஒரு மரமும் இல்லை. சீக்கிரமாகத்தான் போனோம். டாக்டர் பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போது குத்தியது என்று கேட்டார். சொன்னேன். புண் வழியாக வந்த ரணஜன்னி என்றார்.

இருட்டு அறையில் போட்டார்கள். வெளிச்சம் பட்டால் உடம்பு இழுக்கும், சத்தம் கேட்டால் இழுக்கும், காற்றுப் பட்டாலும் இழுக்கும் என்று நர்ஸ் அம்மா சொன்னார்கள். கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, மாலையை எடுத்துவிடுங்கள் என்றார்கள். நான் பக்கத்தில் போனேன். அவன் கண் மட்டும் என்னைப் பார்த்தது. வாய் பூட்டியிருந்தது. உதட்டை மட்டும் லேசாகக் குவித்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊதச் சொல்கிறான்.

ஊதினால் காற்றுப் படும். அதனால் ஊதவில்லை. குனிந்து, அவன் மூக்குக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து, மெதுவாக மூச்சு மட்டும் விட்டேன். அவன் இழுத்துப் பார்த்தான். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தான். "போ" என்று சொல்வானே, அந்த மாதிரி.

நர்ஸ் அம்மாவிடம் கத்தரிக்கோல் வாங்கினேன். தலை வழியாக எடுத்தால் அசையும் என்று, கயிற்றை அறுத்து மாலையை மெதுவாக உருவி எடுத்தேன். சாமியார் கழட்ட வேண்டியதை நான் கழட்டினேன். எங்கள் ஊரில் யாரும் செய்யாததைச் செய்தேன்.

வராந்தாவில் முட்டி போட்டு வேண்டினேன். என் வாழ்க்கையில் அப்படி வேண்டியதில்லை. இந்த வலது கண்ணையும் எடுத்துக்கொள், அவனை விட்டுவிடு என்று கேட்டேன். நான்காம் நாள், சனிக்கிழமை காலையில், போய்விட்டான்.

மறுநாள் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. மாலை கழட்ட வர வேண்டிய சாமியார் அடக்கம் பண்ண வந்தார்.

இதை எப்படிச் சாட்சி என்று சொல்வது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அண்ணன் எனக்குக் கண் கேட்டான், ஆண்டவர் கொடுத்தார். நான் குடியை விட வேண்டும் என்று கேட்டான், கொடுத்தார். நான் அவன் உயிரைக் கேட்டேன், கொடுக்கவில்லை. நடந்தது இதுதான்.

சாமியாரிடம் ஒரு நாள் கேட்டேன். "நான் முன்னாடியே உட்டிருந்தா அண்ணன் மாலையைக் கழட்டியிருப்பான். செருப்பு போட்டிருப்பான். அப்ப அவனைக் கொன்னது நான்தானே சாமி?"

அவர் "எனக்குப் பதில் தெரியலப்பா சூசை" என்றார். அப்படிச் சொன்னதால்தான் நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "ஆனா அவன் கேட்டது அவன் உயிரோட இருக்கும்போதே அவனுக்குக் கெடச்சிடுச்சு. நீ அதைத் திருப்பிக் குடுத்துடாதே" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன்.

அண்ணன் போய் நாற்பதாம் நாள் கழிந்து அண்ணி நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். தட்டில் வைத்தார்கள். ஒரு வாய்கூட அவர்களால் தின்ன முடியவில்லை. அண்ணன் குழந்தை பாப்பா மட்டும் தின்றது. அதற்கு மூன்று வயது. நய்னா எங்கே என்று கேட்டால் மாலை போட்டுக்கொண்டு நடந்து போயிருக்கிறார் என்று அதுவே சொல்லிக்கொள்கிறது.

எனக்கு இன்னும் இழுக்கிறது. மறைக்கவில்லை. லோடு முடிந்து மற்றவர்கள் குடிக்கும்போது கால்வாய்ப் பக்கம் போய் நிற்கிறேன். முதலில் தனியாக நின்றேன். பிறகு என்னோடு அன்றைக்குத் தோட்டத்தில் குடித்த இரண்டு பேரில் ஒருத்தன் வந்தான். இப்போது நான்கு பேர் நிற்கிறோம். ஒருத்தர் முகத்துக்கு ஒருத்தர் ஊதிக் காட்டுவோம். மேஸ்திரி, "இன்னாடா, காத்து விக்கறீங்களா?" என்று கிண்டல் பண்ணுகிறார். பண்ணட்டும். இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நான் மாலை போட்டு நடந்தேன். திரும்பி வந்து கழட்டின அன்று விருந்தில் மற்றவர்கள் குடித்தார்கள். நாங்கள் நான்கு பேர் சோறு தின்றுவிட்டு எழுந்து வந்துவிட்டோம். நாற்பது நாள் ஆண்டவருக்கு, நாற்பத்தொன்றாம் நாள் எனக்கு என்று இனி நான் பிரிக்க மாட்டேன்.

குடியில் இருக்கிற அண்ணன் தம்பிகளே, உங்களுக்குச் சொல்கிறேன். ஆசை போன பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அது போகாது. ஆசையோடேயே போய் நில்லுங்கள். செபம் பாதிதான் தெரியும் என்றால் பாதியைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருத்தர் உங்களுக்காகச் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் காலை ஒரு தடவை பாருங்கள். பார்த்தால் போதும். காலில் ஏதாவது குத்தினால் அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள், லோடு அப்புறம் ஏற்றலாம். இதைச் சாட்சியில் எழுதச் சொன்னவர்கள் ஒருத்தரும் இல்லை. நானாக எழுதுகிறேன்.

அறுத்த மாலையை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணனுடைய டயர் செருப்பு இன்னும் கூரையில்தான் இருக்கிறது. அண்ணி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வருகிறது. உங்கள் வீட்டு ஆத்துமாக்களுக்கு மெழுகுதிரி ஏற்றும்போது, எங்கள் வீட்டுப் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள். எங்கள் ஊர் தெரிய வேண்டாம், என்னைத் தெரிய வேண்டாம். அந்தோணிசாமி என்று சொன்னால் போதும். கச்சிராயபாளையம் ரோட்டில் வெறுங்காலோடு சைக்கிள் மிதித்தவன் என்று ஆண்டவருக்குத் தெரியும். எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.